ஒவ்வொரு நகலுக்கும் ஒரு மச்சம்

லேப்டாப்பை இப்போதே வாங்கலாமா, கொஞ்சம் பொறுத்தால் புது மாடல் வந்துவிடுமா என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். தேவை இருந்தால் இன்றைக்கே வாங்குங்கள், காத்திருப்பவனுக்கு எப்போதும் அடுத்த மாடல்தான் நல்ல மாடல். உங்களுக்கும் அதையே சொல்கிறேன் ஐயா. மேசை மேல் இருக்கிற உங்கள் மெஷினுக்குள் விசிறி இப்படி இரைகிறதே, இதற்கு மேல் அதை வதைக்காதீர்கள். நான் பேசுவதைத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை தாங்கும் என்று நினைக்கிறேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். வெளிவராத மாடல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. அலுவலகத்தில் முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பூட்டு. 'பூட்டு வருது, வாயை மூடு' என்று தேநீர் மேசையில் கிசுகிசுப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பூட்டு என்றால் அதன் வேலையைச் செய்கிறது என்றுதானே அர்த்தம்.

வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குப் பிழைப்பே எங்கள் அடுத்த மாடலைப் பற்றி ஊகிப்பது. மூடியின் முனை இன்னும் வளையுமா, சார்ஜ் போடும் துளை இடம் மாறுமா, புது பிராசசர் பழைய உடம்பிலேயே வந்து உட்காருமா என்று பொழுது விடிந்தால் பொழுது போனால் இதே பேச்சு. அவர்களுக்கெல்லாம் பெரியவன் ஆந்தை. அந்தப் பெயரில்தான் இணையத்தில் வீடியோ போடுவான், முகம் காட்டமாட்டான். குரலை மாற்றிப் பேசுவான். கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும் ஓர் அட்டை மாதிரியைத் திருப்பித் திருப்பிக் காட்டும். அவன் சொல்வதில் பாதிக்கு மேல் புளுகு, மிச்சம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் லட்சக்கணக்கான பேர் வாய் பிளந்து பார்ப்பார்கள். எங்கள் விற்பனைப் பிரிவுக்கும் உள்ளூர ஆந்தையைப் பிடிக்கும். கல்யாணப் பேச்சு அடிபடுகிற வீடு போல ஒரு கலகலப்பு இருக்குமே, அது அவர்களுக்கு வேண்டும். அதனால் சின்னச் சின்னக் கசிவுகளை நான் கண்டும் காணாமல் விடுவது வழக்கம்.

பெரிய கசிவு என்றால் அப்படி விட முடியாது. அதற்குத்தான் மச்சம்.

ஒரு மாடலின் வரைபடத்தைப் பல பேரிடம் கொடுத்தாக வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் அந்த நகலில் நான் ஓர் அடையாளம் வைத்துவிடுவேன். ஒருத்தருடைய நகலில் ஒலிபெருக்கித் துளை வரிசையின் கடைசித் துளை கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். இன்னொருத்தருடையதில் விசைப்பலகைக்குக் கீழே இருக்கிற கோடு மயிரிழை தடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினாலும் கிடைக்காது. படம் ஆந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன், இது இன்னாருடைய நகல் என்று. பெற்ற தாய் பிள்ளையின் மச்சத்தை வைத்து அடையாளம் சொல்வது மாதிரி. எந்த மச்சம் யாருக்கு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நிர்வாகம்கூடக் கேட்காது, கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி.

இப்போது மெல்லிசு என்கிற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டிசைன் பிரிவின் தலைவன். எந்தக் கூட்டத்திலும் மாதிரியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு "இன்னும் மெல்லிசா" என்பான், அதனால் அந்தப் பெயர். அலுவலகத்தில் நான் அவனை சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவன் என்றுதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவனுக்கும் சொந்தப் பகை எதுவும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது என் தம்பிக்காக. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தூக்கி வளர்த்தவள் நான். எங்கள் நிறுவனத்திலேயே சூட்டைத் தணிக்கும் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்தது, என் சிபாரிசு இல்லாமல். வீட்டில் அக்கா, அலுவலகத்தில் மேடம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். மதியச் சாப்பாட்டை மட்டும் பின்படிக்கட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் சாப்பிடும்போது பேசுவான், நான் கேட்பேன். மெல்லிசோடு சேர்ந்து வேலை செய்ய அவனைப் போட்ட பிறகு அந்தப் பேச்சு முழுக்க ஒரே ஆளைப் பற்றி ஆகிவிட்டது.

"தலைவர் என்ன சொன்னார் தெரியுமாக்கா" என்றுதான் ஆரம்பிப்பான். தலைவர் இப்படி யோசிக்கிறார், தலைவர் இதைத் தூக்கிப் போட்டுட்டார், தலைவர் என் தோளைத் தட்டினார். பிறகு படிக்கட்டுக்கே வருவது குறைந்தது. அங்கேயே தலைவரோடு சாப்பிட்டுக்கொண்டான். ஆள் இளைத்தான். தம்பி பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க, வீட்டுக்கு வந்தாலும் அந்த மெஷின் நெனப்புதான்" என்று புலம்பினாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தவன் உழைப்பை உறிஞ்சித் தன் பெயரில் போட்டுக்கொள்கிற ஆள் மெல்லிசு என்பது எனக்குத் தெரியும். தம்பியின் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். "அவர் மேல உனக்கு என்னக்கா கோபம்" என்று சிரித்தான். கோபம் இல்லை, அக்கறை என்றேன்.

அந்த வருடத்து மாடல் விசிறி இல்லாத மாடல். புது பிராசசர் பழையதைவிடப் பலமடங்கு வேகம், அதற்கேற்ற சூடு. அதை மெல்லிசின் விருப்பப்படி தோசைக்கல் கனத்துக்குக் குறைத்த உடம்பில், விசிறியே இல்லாமல் வைக்க வேண்டும். விசிறி இல்லை என்பதுதான் எங்கள் பெரிய ரகசியம். ஆந்தையோ இந்த முறை இரண்டு விசிறி வரும் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். சூடு எந்த வழியாக வெளியே போகும் என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தம்பியின் தலையில்.

மெல்லிசு வெளியூர் ஆலைக்குப் போகிறான் என்று தெரிந்த வாரத்தில் நான் முடிவு செய்தேன். துறைத் தலைவர்கள் தங்கள் மெஷினைக் கூடவே எடுத்துப் போகலாம், அவன் எப்போதும் எடுத்துப் போவான். அவன் ஊரில் இல்லாதபோது, யார் கண்ணும் படாத இடத்தில், அவனுடைய மச்சம் இருக்கிற முழு வரைபடம் கசிந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அவன் கிளம்பிப் போன மறுநாள் ஒரு திருத்தம் வந்தது. திருத்திய வரைபடத்தை அவரவர் மச்சத்தோடு அவரவர் மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. அனுப்பினேன். அவனுடைய மச்சம் வைத்த நகலில் இன்னொன்று எடுத்து ஆந்தைக்கும் அனுப்பினேன். எப்படி அனுப்பினேன் என்று உங்கள் ஆட்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். பல வருடங்களாக மற்றவர்கள் என்னென்ன வழியில் அனுப்பிப் பிடிபட்டார்கள் என்று பார்த்தவள் நான், பிடிபடாத வழி எது என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா.

வேலியே பயிரை மேய்ந்தது என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் வேலிக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

ஆந்தை அதைக் காட்டிய நாளில் எங்கள் கட்டடமே கிடுகிடுத்தது. விசிறி இல்லை, விசிறி இல்லை என்று உலகம் முழுக்க ஒரே கூத்து. அது எப்படி முடியும், பொய் என்று பாதிப் பேர், சூட்டில் மடி வெந்துபோகும் என்று கேலி செய்தவர்கள் பாதிப் பேர். நிர்வாகத்திலிருந்து இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கி, வேண்டுமென்றே கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரி தேடி, யாருடைய மச்சம் என்று சொன்னேன். மெல்லிசை அவசரமாக வரவழைத்தார்கள்.

அவன் வந்து உட்கார்ந்து ஒரே வரியில் சொன்னான். "என் மெஷின் என்கிட்ட இல்ல. போறதுக்கு முன்னாடி அதைத் தம்பிகிட்ட குடுத்துட்டுப் போனேன்."

என் தம்பியை அவனும் தம்பி என்றுதான் கூப்பிடுவான்.

விஷயம் இதுதான். சூட்டுப் பிரிவுக்கு நாங்கள் வரைபடத்தை முழுதாகக் கொடுப்பதில்லை. ஓரங்களை வெட்டி, அவர்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் கொடுப்போம். அதுவும் நான் போட்ட விதிதான். நோயாளியின் ஒரு கையை மட்டும் காட்டி வைத்தியம் பார்க்கச் சொன்னால் எந்த வைத்தியரால் முடியும்? தம்பிக்குச் சூடு போகும் வழி கிடைக்கவில்லை. மெல்லிசு மனம் கேட்காமல், விதியை மீறி, தன் மெஷினையும் அதைத் திறக்கும் கடவுச்சொல்லையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "முழுசாப் பாரு, வழி கிடைச்சிடும்" என்று சொன்னானாம். கிடைத்துவிட்டது. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை படுகிற இடத்துக்கு அடியில், சூட்டை இழுத்து வெளியே விடுகிற ஒரு தகடு. அந்த வாரத்தில்தான் தம்பி அதைக் கண்டுபிடித்தான்.

திருத்தம் வந்தது மெல்லிசு போன பிறகு. ஆந்தையிடம் போனதும் திருத்திய வரைபடம். அப்படியென்றால் அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்று இயக்குநர் அம்மா என்னைக் கேட்டார். உங்களுக்கே தெரிகிறதே ஐயா, நான் சொல்ல என்ன இருக்கிறது.

விசாரணையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதையும் எழுதுங்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நேர்மை மேல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. மச்சம் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான், நீங்களே இருங்க" என்றார். இருந்தேன்.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை அது. நடுவில் ஒரு வெள்ளை மேசை. தம்பி எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்திருந்தான், எதையும் மறைக்கவில்லை என்று காட்டுகிற மாதிரி. சின்ன வயதில் ஏதாவது உடைந்தாலும் அப்படித்தான் நிற்பான். இயக்குநர் அம்மா என் பக்கத்தில்.

"அந்த வாரம் மெஷின் உங்ககிட்டதான் இருந்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்ல மேடம். என் கையை விட்டு எங்கயும் போகல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் தம்பி உண்மையைச் சொல்லியே கெட்டான். ஒரு மணி நேரம் பக்கத்து மேசைக்காரனிடம் இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், விசாரணை திசை தெரியாமல் நின்றிருக்கும். அவனுக்கு அது வராது. அப்படி வளர்த்தது நான்தான், குறை சொல்ல முடியாது.

அவனைக் காப்பாற்ற நான் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்தேன், அவன்தான் நுழையவில்லை. "அவர் அங்கேருந்து உங்களைக் கேட்டு வாங்கியிருக்கலாமே. படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே. தலைவர் கேட்டா அனுப்பறது உங்க கடமைதானே" என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், இவனுக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். அந்தக் கேள்வியை நான் வேறு வேறு விதமாகத் திருப்பிக் கேட்டேன். இயக்குநர் அம்மாவே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைவர் அப்படிப்பட்டவர் இல்ல மேடம். அவரை இதுல இழுக்காதீங்க" என்றான்.

மெல்லிசும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, தப்பு என்னுடையது, கொடுத்தவன் நான், என்னை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று மன்றாடினான். ஒருத்தருக்காக ஒருத்தர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் நான் ஒருத்தி, பெற்றவள் மாதிரி வளர்த்தவள், மேடம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா தொலைபேசிக்காக எழுந்து போனபோது தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, நீயாவது நம்பறியா?"

"நம்பறேன்டா" என்றேன். அது சத்தியமான வார்த்தை. அவன் செய்யவில்லை என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அப்போதுகூட ஒரு நொடி வாயைத் திறக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் அவன், "தலைவருக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கோக்கா" என்றான். நான் அறிக்கையை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன். விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் போலீஸ் கோப்பிலேயே இருக்கும். வேலை போயிற்று. வழக்குப் போட்டார்கள். யாரோ பெயரை வெளியே விட்டார்கள், அது நான் இல்லை. ஆந்தையின் கூட்டம் அவன் புகைப்படத்தைத் தேடி எடுத்துப் போட்டது. இத்தனை நாள் ரகசியத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டு அலைந்தவர்களே, ரகசியத்தை விற்றவன் என்று அவனைக் காறித் துப்பினார்கள். போன இடத்தில் எல்லாம் கதவை மூடினார்கள். அவன் என் வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நான் சமைத்துப் போடுவேன். பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

ஒரு மழை நாளில் அவன் வண்டி ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றிருந்தது. அவன் வண்டியில் இல்லை.

சவ அடக்கத்துக்கு மெல்லிசு வந்தான். தாடியோடு, கசங்கிய சட்டையோடு, பாதி ஆளாக. யாரும் அவனிடம் பேசவில்லை. நேரே என்னிடம் வந்து, "நான்தாங்க அவன் கையில குடுத்தேன். நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதான்.

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது எனக்குள் எத்தனையோ வருடத்துப் பாரம் இறங்கியது. சுற்றி வளைத்துப் போனாலும் பழி சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றியது. தம்பியைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவில் நான் நிமிர்ந்து நின்றேன். என்ன மனத்திடம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதோடு நான் நிறுத்தியிருப்பேன் ஐயா. உங்களைத் தேடி வந்திருக்கவே மாட்டேன். விசிறி இல்லாத மாடல் கடைக்கு வந்தது, அமோகமாக விற்றது. அதன் சூடு தணிக்கும் தகட்டுக்கு மெல்லிசு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதல் பெயராக என் தம்பி பெயரைப் போட்டிருந்தான் என்று சொன்னார்கள். தன் பெயரை இரண்டாவதாகப் போட்டுக்கொண்டானாம். அதையும் நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் நேற்று அந்த மெல்லிசு உங்களிடம் வந்து, 'ஆந்தைக்கு அனுப்பியது நான்தான், அந்தப் பையன் நிரபராதி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இறந்தவனுடைய பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்று செய்திருப்பான். நல்ல மனசு என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். எனக்குக் கேட்டதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் டிசைன் பிரிவில் இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் கூடவே எழும்பாமல் நிற்கிறதே, இன்றைக்கு எல்லா மெஷினிலும் இருக்கிறதே, அந்தக் கீல் என்னுடையது. எத்தனையோ மாதிரிகளைத் திறந்து மூடி, திறந்து மூடி, விரல் நுனி காய்த்துப்போய்க் கண்டுபிடித்தேன். அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் மேடையில் ஏறி மெல்லிசு அதை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி, "ஒரு நாள் காலையில எனக்குத் தோணுச்சு" என்றான். கைதட்டல் ஓயவே இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதனால்தான் என்னைப் பூட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இப்போது இதையும் தான் செய்ததாகச் சொல்கிறான். அவனால் முடியாது ஐயா. அவனுக்கு மச்சம் வைக்கத் தெரியாது, படிக்கத் தெரியாது, எந்த வழியாக அனுப்பினால் தடம் விழாது என்று தெரியாது. உட்கார வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள், முழிப்பான். முதலிலிருந்து கடைசிவரை யோசித்தது நான், செய்தது நான், விசாரித்ததும் நான். ஒரு பிசிறு இல்லாமல் செய்தேன். அவன் மெஷினைக் கைமாற்றியது மட்டும்தான் என் கணக்கில் இல்லாதது.

அவன் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்காகத்தான் செய்தேன் என்பதையும் எங்காவது சேர்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் அதை விட்டுவிடலாம், பரவாயில்லை. என் பெயர் மட்டும் மேலே, தனியாக, வேறு யார் பெயரும் பக்கத்தில் இல்லாமல் இருக்கட்டும்.